பேண்டு மாஸ்டர் வண்டியேறிய ஊர்வலம்

மண்டபத்துப் படியில் விழும்போது ஆரோக்கியநாதன் கிளாரினெட்டை மட்டும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டார். அதனால் வாத்தியம் தப்பித்தது. பக்கத்தில் சீர்வரிசைத் தட்டோடு நின்ற பெண்மணி தப்பிக்கவில்லை. தட்டு கவிழ்ந்து லட்டுகள் படியில் உருண்டு இறங்கின. அதில் ஒன்று மணப்பெண்ணின் தாய்மாமன் காலடியில் போய் நின்றது. அவர் லட்டைப் பார்த்தார். பிறகு, சிவப்புக் கோட்டும் தங்கச் சரிகையுமாகப் படியில் சரிந்து கிடந்த பேண்டு மாஸ்டரைப் பார்த்தார்.

“இன்னாய்யா இது? மாஸ்டரு நல்லா ஊத்திக்கினு வந்துட்டாரா?”

மாப்பிள்ளை அழைப்புக்கு வந்திருந்த கூட்டம் மொத்தமும் சிரித்தது. ஆரோக்கியநாதனும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு எழுந்துவிடலாம் என்றுதான் பார்த்தார். சிரிப்பு வரவில்லை. முட்டியில் வலி சுண்டி இழுத்தது. அந்தச் சொல் அதைவிட அதிகமாக இழுத்தது.

அறுபத்திரண்டு வயதில் அவர் ஒரு சொட்டுச் சாராயம் தொட்டவரில்லை. செஞ்சியில் சகாய மாதா பேண்டு செட்டை அவர் ஆரம்பித்தபோது போட்ட முதல் சட்டமே, குடித்தவனுக்குக் கோட்டு இல்லை என்பதுதான். ஊருக்கு ஊர் சாராயக் கடை திறந்திருந்த காலம் அது. பேண்டு வாசிக்கிறவன் என்றாலே கல்யாண வீட்டார் ஒரு பாட்டிலைத் தனியாக எடுத்து வைத்துவிடுவார்கள். மாஸ்டர் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, “எங்களுக்குச் சோடா போதும்” என்பார். போன வருடம் சைடு டிரம் அடிக்கிற ராஜாராம் ஊர்வலத்தில் தாளம் தப்பி ஒரு மின்கம்பத்துக்கு மரியாதை செய்தபோது, நடுத்தெருவிலேயே அவன் கோட்டைக் கழற்றி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு அனுப்பியவர் அவர்.

அப்படிப்பட்டவர்தான் லட்டுத் தட்டின் மேல் விழுந்தார்.

ஒரு தடவையோடு அது நின்றிருந்தால் ஊர் மறந்திருக்கும். அடுத்த வாரம் சிங்கவரத்தில் ஒரு காதுகுத்து முடித்துவிட்டுச் சாயங்காலம் நடந்து திரும்பும்போது, சாலையோரத்தில் காயப்போட்டிருந்த மல்லாட்டைக் கடலைக் குவியலில் முகம் குப்புற விழுந்தார். அதற்கப்புறம் அனந்தபுரத்தில் வாசித்துவிட்டுப் பொழுது சாய்கிற நேரத்தில் பஸ்ஸில் வந்தார். கடைசிப் படியில் கால் வைத்தபோது வலது முட்டி சொல்லாமல் கொள்ளாமல் மடங்கியது. விழுந்த இடமாவது வேறாக இருந்திருக்கலாம். நேராகச் சாராயக் கடை வாசலில் விழுந்தார். கடைக்காரரே ஓடி வந்து கைகொடுத்துத் தூக்கிவிட்டார். பஸ்ஸின் ஜன்னல்களிலிருந்து பார்த்தவர்களுக்கு, மாஸ்டரை உள்ளேயிருந்து அனுப்பிவைக்கிற மாதிரியே இருந்தது.

பஸ் அங்கிருந்து நகர்வதற்குள் செய்தி அவர் வீட்டுக்குப் போய்விட்டது. அவர் மனைவி ராயம்மாள் மாட்டுக்குத் தவிடு கரைத்துக்கொண்டிருந்தாள். கையைக் கூடக் கழுவாமல் வாசலில் வந்து நின்றாள்.

“ஊதுங்க.”

“கிளாரினெட்டையா?”

“வாயை.”

அவர் ஊதினார். அவள் கண்ணை மூடிக்கொண்டு மோந்து பார்த்தாள். வெற்றிலை வாசனையும் சுண்ணாம்பு வாசனையும்தான் இருந்தன.

“வாசன இல்லாத சரக்கும் இருக்குதாம். பால் வாங்க வர்ற கமலாம்பா சொன்னா” என்றாள்.

“ஏமே, நாப்பது வருசமா எங்கூடக் குடும்பம் நடத்துற. நீயே சந்தேகப்பட்டா நான் யாருகிட்ட போய்ச் சொல்றது?”

“சந்தேகம்னு யாரு சொன்னது? விழுந்தீங்களா இல்லியா?”

“விழுந்தேன்.”

“ஏன் விழுந்தீங்க?”

அவர் முட்டியைத் தடவிக்கொண்டார். முட்டி வலி அவருக்குப் புதிதல்ல. அஞ்சாறு வருடமாகவே இருக்கிறது. காலையில் எழும்போது கதவுக் கீல் மாதிரி முட்டி சத்தம் போடும். கொஞ்சம் நடந்தால் சரியாகிவிடும். வலியோடு அவர் எத்தனையோ ஊர்வலம் நடந்திருக்கிறார். ஆனால் விழுந்த நேரங்களில் வலி அதிகமாக இருந்ததா என்று யோசித்தால் அப்படியும் சொல்ல முடியவில்லை. கால் இருக்க வேண்டிய இடத்தில் இல்லாமல் போய்விட்டது, அவ்வளவுதான் அவருக்குத் தெரிந்தது.

மறுநாள் ராஜாராம் வந்தான். பேண்டிலிருந்து போன பிறகு அவன் கடைவீதியில் அன்வர் பாஷாவின் வாடகைச் சாமான் கடையில் மாட்டு வண்டி ஓட்டிக்கொண்டிருந்தான். வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு, மேலே ஏறி உட்கார்ந்தபடியே கை நீட்டினான்.

“மாஸ்டரு, கோட்டக் கழட்டிக் குடுங்க.”

“எதுக்கு?”

“குடிச்சவனுக்குக் கோட்டு இல்லன்னு சட்டம் போட்டது நீங்கதானே?”

“ராஜாராம், நான் விழுந்தது நெசம். குடிச்சது பொய்.”

“அன்னிக்கு நானும் அதேதான் சொன்னேன். நீங்க கேட்டீங்களா?”

ராஜாராம் அன்று நன்றாகக் குடித்திருந்தான் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். இருந்தாலும் மாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டார். ராஜாராம் வெற்றியோடு மாட்டை ஓட்டிக்கொண்டு போனான்.

சிரித்துவிட்டுப் போகிற விஷயமாக அது நிற்கவில்லை. தளவானூர்க் கல்யாணக்காரர்கள் வந்து, “பேண்டு வேணும். மாஸ்டரு மட்டும் வேணாம்” என்று தயங்கித் தயங்கிச் சொன்னார்கள். ஆரோக்கியநாதன் தலையாட்டினார். அவர்கள் போன பிறகு கிளாரினெட்டைப் பிரித்துத் துடைக்க ஆரம்பித்தவர், துடைத்து முடித்தும் மறுபடி துடைத்துக்கொண்டேயிருந்தார். ராயம்மாள் அதை அடுப்படியிலிருந்து பார்த்தாள்.

 அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் செஞ்சியிலேயே ஒரு கல்யாண ஊர்வலம் இருந்தது. பெண்வீட்டார் ராயம்மாளிடம் பால் வாங்குகிறவர்கள். அதனால் மாஸ்டரை வேண்டாமென்று சொல்ல அவர்களுக்கு வாய் வரவில்லை. ஆரோக்கியநாதன் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினபோது, ராயம்மாளும் நல்ல புடவை ஒன்றைக் கட்டிக்கொண்டு பின்னால் வந்தாள்.

“நீ எங்க வர்ற?”

“எனக்கும் பத்திரிகை வெச்சிருக்காங்க.”

கல்யாணத்துக்கு வந்தவள் பெண்களோடு போகவில்லை. பேண்டுக்குப் பக்கத்திலேயே, அவர் காலைப் பார்த்துக்கொண்டே நடந்தாள். முன்னால் மாஸ்டர், பின்னால் டிரம்பெட்டுகள், அதற்குப் பின்னால் பெரிய பித்தளை பேஸ் வாத்தியத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு அவள் தம்பி லூர்துநாதன், கடைசியில் டிரம். முதல் தெருவில் ஆரோக்கியநாதன் இளவரசன் மாதிரி நடந்தார். குதிகால் பட்டுப் பிறகு விரல் பட்டு, ஒவ்வொரு அடியும் தாளத்தில் விழுந்தது. கடைவீதி வந்தது. மாப்பிள்ளையின் நண்பர்கள் ஆடுவதற்காக ஊர்வலம் நின்று நின்று போயிற்று. மாஸ்டர் வெயிலில், கனத்த கோட்டில், நின்றபடியே வாசித்தார். அதற்கப்புறம் அவர் வலது கால் முழுசாக எழும்பவில்லை. செருப்பு தரையை உரசுகிற சத்தம் ராயம்மாளுக்குக் கேட்டது. இன்னொரு தெரு திரும்பியதும் இடுப்பு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. முகத்தில் வலி இல்லை, வாசிப்பில் பிசகு இல்லை. கால் மட்டும் தூங்கிக்கொண்டே நடந்தது.

சாலையில் ஒரு சின்னக் கல் கிடந்தது. காலையில் என்றால் அவர் அதைப் பார்க்காமலேயே தாண்டியிருப்பார். இப்போது அவருடைய விரல் நுனி அதில் தட்டியது. உடம்பு முன்னால் போயிற்று. ராயம்மாள் பாய்ந்து அவர் கோட்டுக் காலரைக் கொத்தாகப் பிடித்தாள். சரிகை கிழிந்தது. ஆனால் அவர் விழவில்லை.

பேண்டு நின்றது. ஊர்வலம் நின்றது. கூட்டத்தில் யாரோ, “ஆரம்பிச்சிட்டாருய்யா” என்றார்கள்.

“ஊதுங்க!” என்றாள் ராயம்மாள்.

“இங்கியா?”

“இங்கதான். எல்லாரும் பாக்கட்டும்.”

நடுக் கடைவீதியில், மாப்பிள்ளை, மாப்பிள்ளைத் தோழன், மாலைக் கடைக்காரர் எல்லோரும் பார்க்க, ஆரோக்கியநாதன் மனைவியின் முகத்தில் ஊதினார். அவள் மோந்து பார்த்துவிட்டுக் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள்.

“வெத்தல கூட இல்ல! சந்தேகம் இருக்கறவங்க வரிசையா வந்து மோந்து பாத்துக்கலாம்!”

யாரும் வரவில்லை. ஆனால் சிரிப்பு எழுந்தது. இந்தத் தடவை அந்தச் சிரிப்பில் ஆரோக்கியநாதனும் சேர்ந்துகொண்டார்.

மறுநாள் காலையிலேயே அவள் அவரை அரசாங்க ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். புதிதாக வந்திருந்த டாக்டர் ஆண்டாளுக்கு நாற்பது வயதிருக்கும். உரக்கப் பேசுகிறவர், உரக்கச் சிரிக்கிறவர். முட்டியை அழுத்திப் பார்த்தார், மடக்கிப் பார்த்தார், காதை வைத்துக் கேட்காத குறைதான். பிறகு எக்ஸ்ரே எடுக்கச் சொல்லி, அந்தப் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

“மூட்டு தேஞ்சிருக்குது பெரியவரே. ரெண்டு எலும்புக்கும் நடுவுல இருக்குற மெத்தை போயிக்கிட்டிருக்குது. எப்பெப்ப விழுந்தீங்க?”

ஆரோக்கியநாதன் லட்டிலிருந்து ஆரம்பித்தார். டாக்டர் இடைமறித்தார்.

“எங்கன்னு கேக்கல. எந்த நேரத்துலன்னு கேக்கறேன்.”

அவர் யோசிப்பதற்குள் ராயம்மாள் சொன்னாள். “எல்லாமே சாயங்காலம் டாக்டரம்மா. காலையில பரண்மேல ஏணி போட்டு ஏறுவாரு, எறங்குவாரு. ஒண்ணும் ஆவாது. வாசிச்சு முடிச்சிட்டு வரும்போதுதான் விழுவாரு.”

“அப்டிச் சொல்லுங்க.” டாக்டர் தன் நாற்காலியை இழுத்துப் போட்டார். “கையை ஊணாம உக்காந்து எழுந்திருங்க. நான் போதும்னு சொல்ற வரைக்கும்.”

ஆரோக்கியநாதன் எழுந்தார், உட்கார்ந்தார். இது என்ன பெரிய விஷயம் என்கிற மாதிரி ராயம்மாளைப் பார்த்தார். டாக்டர் போதும் என்று சொல்லவில்லை. மறுபடி எழுந்தார். மறுபடி உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் தொடை நடுங்கியது. எழுந்து நின்றபோது உடம்பு ஆடியது. கடைசியில் கை தானாகவே மேஜையைப் பிடித்துக்கொண்டது.

“பாத்தீங்களா? இப்பத்தான் சாயங்காலம் வந்திருக்குது” என்று டாக்டர் சிரித்தார். “தேய்மானம் காலையிலயும் இருக்குது, சாயங்காலமும் இருக்குது. ஆனா நீங்க காலையில விழல. ஏன்னா மூட்டு செய்ய வேண்டிய வேலைய இந்தத் தொடைச் சதை சேத்துப் பாக்குது. ரெண்டு ஆள் வேலைய ஒருத்தன் பாத்தா சீக்கிரம் களைச்சிப்பான் இல்லியா? அது களைச்சிப்போனா முட்டியப் புடிச்சி வெக்க ஆள் இல்ல. காலும் சரியாத் தூக்காது. கல்லு தட்டினாச் சட்டுனு சுதாரிக்கவும் முடியாது. ஒங்களத் தள்ளிவுடறது வலி இல்ல, அசதி.”

“அசதியா?” என்றார் ஆரோக்கியநாதன். அந்தச் சொல்லைக் கேட்டதும் அவருக்கு என்னவோ மெடல் கொடுத்த மாதிரி இருந்தது. குடி இல்லை, அசதி. “இத கொஞ்சம் மண்டபத்துக்கு வந்து சொல்ல முடியுமா டாக்டரம்மா?”

டாக்டர் மாத்திரையைக் கொஞ்சமாகவும் புத்திமதியை நிறையவும் கொடுத்தார். நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொரு காலாக நீட்டித் தூக்கி, அந்தரத்தில் நிறுத்தி, மெதுவாக இறக்க வேண்டும். தினமும் செய்தால் தொடைச் சதை பலப்படும். வழவழப்பான செருப்பைத் தூக்கிப் போட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, களைத்த பிறகு உட்காரக் கூடாது. களைப்பு வருவதற்கு முன்னாலேயே உட்கார்ந்துவிட வேண்டும்.

“ஊர்வலத்துக்கு நடுவுல எங்கம்மா உக்கார்றது?”

“அத நீங்கதான் யோசிக்கணும். நான் டாக்டரு. பேண்டு மாஸ்டரு நீங்க.”

ஆரோக்கியநாதன் மற்றதையெல்லாம் ஒழுங்காகச் செய்தார். விடிந்ததும் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, கிளாரினெட்டில் ஸ்வரம் ஏறும்போது காலைத் தூக்குவார், இறங்கும்போது காலை இறக்குவார். மேல் ஸ்வரத்தில் அவர் எவ்வளவு நேரம் நிற்கிறார் என்பதை வைத்து அக்கம்பக்கத்தார் தொடையின் பலத்தைத் தெரிந்துகொண்டார்கள். ஆனால் ஊர்வலத்தில் உட்காருவது என்ற பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுவார். “மாஸ்டருன்னா முன்னால நடக்கணும். உக்காந்தா அவன் மாஸ்டரு இல்ல, மூட்டை” என்பார்.

அந்தச் சமயத்தில்தான் அன்வர் பாஷா வந்தார். பந்தல், பாத்திரம், நாற்காலி, கேஸ் லைட்டு என்று கல்யாணத்துக்கு வேண்டியதெல்லாம் வாடகைக்கு விடுகிறவர். அவருடைய விளக்குகளும் இவருடைய பேண்டும் ஒரே ஊர்வலத்தில் எத்தனையோ வருடம் சேர்ந்து போயிருக்கின்றன. அவர் மகள் தாஹிராவுக்கு நிக்காஹ். மாப்பிள்ளை ஆரணி.

“மாஸ்டரே, நேராவே சொல்லிடறேன்” என்றார். “எங்க அக்கா மெஹபூப் பீ, குடிக்கிற ஆளு வாசிக்கிற ஊர்வலத்துல மாப்பிள்ளய கூட்டிக்கினு வரக் கூடாதுன்னு ஒரே பிடிவாதமா இருக்குது.”

“அவங்க சொல்றதும் நியாயந்தான் பாய். ஆரணிலேர்ந்து வர்றவங்க முன்னால நான் விழுந்தா ஒனக்குத்தான் தலகுனிவு. வேற செட்டு வெச்சிக்கோ.”

“தாஹிரா ஒத்துக்கணுமே. ‘மாமா நின்னுக்கினு வாசிக்கணும்னு நான் கேக்கல, வாசிக்கணும்னுதான் கேக்கறேன்’னு சொல்லி அனுப்பிச்சிருக்குது.”

 உள்ளேயிருந்து ராயம்மாள் டீயோடு வந்தாள்.

“ஊருக்கெல்லாம் நாற்காலி வாடகைக்கு விடறீங்க பாய். இவருக்கு ஒண்ணு இல்லாமலா போச்சு?”

“நாற்காலி இருக்குது. எங்க போடறது?”

“வண்டிமேல போடுங்க.”

அன்வர் பாஷா டீயைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் ராயம்மாளையே பார்த்தார். பிறகு மாஸ்டரைப் பார்த்தார். ஆரோக்கியநாதன் வாசலைப் பார்த்தார்.

“சாமி தூக்கிக்கினு போற மாதிரியா?” என்று கேட்டார். ஆனால் அவர் எழுந்து போகவில்லை. அதுவே சம்மதம் என்று மற்ற இரண்டு பேரும் எடுத்துக்கொண்டார்கள்.

நிக்காஹ் அன்று பிற்பகல் அஸர் தொழுகை முடிந்ததும் ஊர்வலம் கிளம்பியது. மாட்டு வண்டிக்கு வெள்ளைத் துணி சுற்றி, ஜிகினாத் தோரணம் கட்டி, நடுவில் சிவப்பு மெத்தை வைத்த நாற்காலியைக் கயிற்றால் இறுக்கியிருந்தார்கள். மாடுகளின் கொம்பில் பூ. ஓட்டுகிற இடத்தில் ராஜாராம்.

“ஏறுங்க மாஸ்டரு. சோடா வேணுமா?” என்றான்.

“வண்டிய மின்கம்பத்துமேல ஏத்தாம ஓட்டு, போதும்” என்றார் மாஸ்டர்.

நாற்காலியை முன்பக்கம் பார்த்துப் போட்டால் பேண்டு முதுகுக்குப் பின்னால் போய்விடும். அதனால் பின்பக்கம் பார்த்துப் போட்டிருந்தார்கள். வண்டி நகர்ந்தது. ஆரோக்கியநாதன் கிளாரினெட்டை உதட்டில் வைத்தார். அப்போதுதான் ஒன்று அவருக்குத் தெரிந்தது. இத்தனை வருடமாக முன்னால் நடந்தவர், தன்னுடைய பேண்டு வாசிப்பதைப் பார்த்ததேயில்லை.

இப்போது எல்லோரும் கண்ணெதிரே வந்தார்கள். டிரம்பெட்டுக்காரர்களில் ஒருவன் கண்ணை மூடிக்கொண்டு வாசித்தான். இன்னொருவன் மேல் ஸ்வரத்துக்குப் போகும்போதெல்லாம் புருவத்தை நெற்றி உச்சிக்குத் தூக்கினான். டிரம்காரன் ஒவ்வொரு உருட்டலுக்கும் தனக்குத் தானே சிரித்துக்கொண்டான். அவர்களுக்குப் பின்னால் குதிரைமேல் மாப்பிள்ளை. அதற்கும் பின்னால், வெயில் சாய்ந்து மஞ்சளாகிக்கொண்டிருந்த ராஜகிரிக் கோட்டை மலை. ஆரோக்கியநாதனுக்குத் தன்னையறியாமல் வாசிப்பில் ஒரு துள்ளல் வந்தது. காலுக்கு என்ன ஆகிறது என்ற நினைப்பு இல்லாமல் அவர் வாசித்து எவ்வளவு காலமாகிவிட்டது! நடக்கும்போது பாதி மூச்சு நடைக்கே போய்விடும். இன்று அத்தனை மூச்சும் வாத்தியத்துக்கு வந்தது. தெருவில் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தவர்கள், வாசிப்பது அதே மாஸ்டரா என்று இன்னொரு தடவை எட்டிப் பார்த்தார்கள்.

கடைவீதிக்கு வந்தபோது அவர் கண் மச்சினன் லூர்துநாதன் மேல் விழுந்தது. அவன் கன்னம் இரண்டும் பந்து மாதிரி உப்பியிருந்தன. விரல்கள் வேகவேகமாக ஓடின. ஆனால் ஏதோ ஒன்று பொருந்தவில்லை. பாட்டு மாறி, எல்லோரும் நிறுத்திய பிறகும் அவன் விரல்கள் ஓடிக்கொண்டிருந்தன. மாஸ்டர் கையைத் தூக்கி மற்றவர்களை அமர்த்திவிட்டு, பேஸை மட்டும் வாசிக்கச் சொல்லிச் சைகை காட்டினார்.

ஊரே காத்திருந்தது. லூர்துநாதன் கன்னத்தை உப்பினான். பித்தளை வாயிலிருந்து ‘புஸ்’ என்று காற்று வந்தது.

“டேய் லூர்து! எத்தினி நாளாடா இது?”

“ஆரம்பத்துலேர்ந்தே மாமா” என்றான் அவன், தலையைக் குனிந்துகொண்டு. “ஒங்களுக்குத்தான் முதுகு எங்க பக்கம் இருந்திச்சே.”

பெண்கள் பக்கம் நடந்துகொண்டிருந்த ராயம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். தம்பியைச் சிபாரிசு செய்து பேண்டில் சேர்த்துவிட்டவளே அவள்தான். ராஜாராம் வண்டியில் உட்கார்ந்தபடியே சிரித்த சிரிப்பில் மாடுகள் மிரண்டன. ஆரோக்கியநாதனுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. நாற்காலியில் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். குதிரைமேல் இருந்த மாப்பிள்ளை, முகத்தை மூடிய பூச்சரத்தை விலக்கிக்கொண்டு, என்ன ஆயிற்று என்று கேட்டு, அவரும் சிரித்தார். லூர்துநாதனிடமிருந்து பேஸை வாங்கி வண்டியில் வைத்துவிட்டு, ஜால்ரா தட்டைக் கொடுத்தார்கள். அதில் ஏமாற்ற வழியில்லை.

மண்டபம் வந்தது. வாசலில் மெஹபூப் பீ கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். ராஜாராம் இறங்கித் தோளைக் கொடுத்தான். மாஸ்டர் அதைப் பிடித்துக்கொண்டு நிதானமாகத் தரையில் காலை வைத்தார். கால் அங்கேயே இருந்தது. படியேறினார். மேல்படியில் நின்று, மாப்பிள்ளை உள்ளே போகும் வரை வாசித்தார். கடைசி ஸ்வரத்தை நீட்டி, நீட்டி, தானே போதும் என்று நினைத்த இடத்தில் நிறுத்தினார். ஆரணிக்காரர்கள் கை தட்டினார்கள்.

“குடிச்சிருக்காரான்னு நான் பக்கத்துலயே ஒக்காந்து பாத்துக்கினே வந்தேன் பீவி” என்று ராஜாராம் யாரும் கேட்காமலேயே மெஹபூப் பீயிடம் சொன்னான். “குடிச்சா எப்டி இருக்கும்னு எனக்குத் தெரியாதா? இது சுத்தமான ஆளு. கால்தான் அசந்து போவுது.”

மெஹபூப் பீ கட்டியிருந்த கைகளை அவிழ்த்தார். “கால் அசந்து போவுதா?” என்று கேட்டார். குரல் மாறிவிட்டது. “எனக்கும் அப்டித்தான் இருக்குது. காலையில நல்லாத்தான் இருக்கறேன். சாயங்காலமானா சுவத்தப் புடிச்சிக்கினு நடக்கறேன். மருமக, நான் வேல செய்யாம இருக்க நடிக்கறேன்னு சொல்றா. போன மாசம் கொல்லையில விழுந்துட்டேன், யாருகிட்டயும் சொல்லல.”

ஆரோக்கியநாதன் டாக்டர் சொன்னதைச் சொன்னார். களைப்பதற்கு முன்னால் உட்காருவதைச் சொன்னார். காலைத் தூக்கிப் பழகுவதைச் சொல்லும்போது, ஆண்பிள்ளை ஒரு பெண்மணிக்கு அதை எப்படிச் செய்து காட்டுவது என்று தயங்கினார். ராயம்மாள், “நான் காட்டறேன் வாங்க” என்று மெஹபூப் பீயின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள்.

நிக்காஹ் ஓதி முடிந்தது. பேண்டுக்காரர்களுக்கு முதல் பந்தியிலேயே பிரியாணி போட்டார்கள். சாப்பிட்டுவிட்டு ஆரோக்கியநாதன் வெளியே ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பெண்கள் பக்கத்தை மறைத்துக் கட்டியிருந்த துணிக்குப் பின்னாலிருந்து ஒரே சிரிப்பாகக் கேட்டது. பிறகு ராயம்மாளின் குரல் வந்தது.

“என்னாங்க! மெதுவா ஒரு பாட்டு வாசிங்க! ரொம்ப மெதுவா!”

எதற்கு என்று புரியாமலே அவர் கிளாரினெட்டை எடுத்தார். வாசிக்க வாசிக்கத் துணியைப் பார்த்தார். அது தரை வரைக்கும் எட்டவில்லை. கீழே ஒரு முழம் இடைவெளி இருந்தது. அதில் வரிசையாக நாற்காலிக் கால்களும் பெண்களின் கால்களும் தெரிந்தன. வெடித்த குதிகால், மருதாணி வைத்த விரல், வெள்ளி மெட்டி, வீங்கிய கணுக்கால். அவர் ஸ்வரத்தில் மேலே போனதும், அத்தனை கால்களும் ஒன்றாகத் துணிக்குப் பின்னால் உயர்ந்து மறைந்தன. கீழே இறங்கியதும், ஒன்றாக இறங்கித் தரையில் பட்டன. ஒரு கால் மட்டும் எப்போதும் கொஞ்சம் தாமதமாக வந்தது. அதற்காக அவர் காத்திருந்து வாசித்தார்.

“இது இன்னா பாய், செஞ்சிப் பக்கம் சடங்கா?” என்று மாப்பிள்ளையின் தகப்பனார் அன்வர் பாஷாவிடம் கேட்டார்.

“எனக்கே இன்னிக்குத்தான் தெரியும்” என்றார் அன்வர் பாஷா.

அதற்குப் பிறகு ஆரோக்கியநாதன் விழவேயில்லை என்று சொல்ல முடியாது. மார்கழியில் ஒரு நாள், ஒரே நாளில் இரண்டு ஊர்வலத்தை ஒத்துக்கொண்டு, வண்டி வேண்டாம் என்று வீம்பு பிடித்து, மாதா கோயில் வாசலிலேயே விழுந்து மணிக்கட்டு வீங்கிப் படுத்துக்கிடந்தார். டாக்டர் ஆண்டாளும் ராயம்மாளும் மாறி மாறித் திட்டினார்கள். மற்றபடி, முதல் தெருவில் நடந்தார், கடைவீதியில் வண்டியேறினார், மண்டப வாசலில் இறங்கி நின்றார். வண்டியில் மாஸ்டர் வர வேண்டும் என்று அனந்தபுரத்திலிருந்தும் தளவானூரிலிருந்தும் கேட்டு வந்தார்கள். ராஜாராம் வண்டி ஓட்டிக்கொண்டே மடியில் சைடு டிரம்மை வைத்து அடிக்கப் பழகினான். சனிக்கிழமை தவறாமல் மெஹபூப் பீ ராயம்மாள் வீட்டுக்கு வந்தார். முதலில் கால் தூக்குவதற்காகத்தான் வந்தார். பிறகு பேச்சு நீண்டு, கால்கள் அந்தரத்தில் நிற்பதே இரண்டு பேருக்கும் மறந்துபோய்விடும். உள்ளேயிருந்து ஆரோக்கியநாதன் ஸ்வரத்தை இறக்கிய பிறகுதான் அவர்கள் கால்களை இறக்குவார்கள்.